இறாலின் மேல் விழுந்த பழி

ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. ஆனால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்குகிறது. ஏலம் போடுகிறவர்களின் குரல், அலை ஓசையையும் அமுக்கிக்கொண்டு எழும்புகிறது. தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீர். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பையுடன், புரசைவாக்கத்திலிருந்தும் அயனாவரத்திலிருந்தும் வந்த பெண்மணிகள் ஈரத்தில் வழி பார்த்து நடக்கிறார்கள்.

அவர்களில் ஓர் அம்மாள் இறால் கூடை ஒன்றின் எதிரே நின்றார்.

“வா தாயி! இப்பத்தான் போட்டுலேர்ந்து எறங்கிச்சு. எப்படி மின்னுது பாரு. ரெண்டு கிலோ போடட்டா?” என்றாள் மீன்காரி.

அம்மாள் ஆசையோடு குனிந்தார். உடனே சூடு பட்டவர்போல் நிமிர்ந்தார்.

“இறால் வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். நல்ல வஞ்சிரம் யார்கிட்டே இருக்கு?”

“இன்னாம்மா இது அக்குறும்பா கீது! நான் நாப்பது வருசமா இறாலு துன்றேன். எனக்கு இன்னா ஆயிப் போச்சு?”

அம்மாள் பதில் சொல்லவில்லை. நாலு கூடை தள்ளிப் போய் வஞ்சிரம் வாங்கினார். “வறுவலுக்கு, கொஞ்சம் மெல்லிசாப் போடுங்க” என்று வெட்டச் சொன்னார். பக்கத்தில் நின்ற என்னிடம், “மசாலா தடவி, எண்ணெயைத் தாராளமா விட்டு மொறுமொறுன்னு எடுத்தாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்” என்றார், பெருமையோடு.

“கொலஸ்ட்ரால் எவ்வளவு என்றார்கள்?” என்று கேட்டேன்.

“இருநூத்தி முப்பத்தாறு.”

“அதில் எந்தத் தினுசு எவ்வளவு?”

“அதிலே வேறே தினுசு தினுசா இருக்கா?”

“சரி, உங்களுக்கு எவ்வளவு?”

அவர் சிரித்துவிட்டார். “எனக்கெதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்!”

திரும்பி வரும்போது அதே கேள்வியை இறால்காரியிடமும் கேட்டேன். அவளும் அதே மாதிரி சிரித்தாள். இந்த இரண்டு சிரிப்புகளும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இறாலை ஒதுக்கிவிட்டு எண்ணெய் சொட்டச் சொட்ட வஞ்சிரம் வறுக்கும் அம்மாளும் சரி, நாற்பது வருஷமாகத் தின்றும் ஒன்றும் ஆகவில்லை என்று மார்தட்டும் மீன்காரியும் சரி, இருவருமே விஷயத்தை வேறு எங்கோ தேடுகிறார்கள். கொலஸ்ட்ரால் என்ற பேரைக் கேட்டாலே விஷம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது இல்லாமல் நாம் ஒரு நாள்கூட இருக்க முடியாது. சரீரத்தின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் அது இருக்கிறது. கொழுப்பை ஜீரணிக்க உதவும் பித்தநீர், வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் ‘டி’ வைட்டமின், பெண்ணைப் பெண்ணாகவும் ஆணை ஆணாகவும் வைத்திருக்கும் ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. இவ்வளவு அவசியமான சரக்கைக் கடையில் வாங்கும் சாமானை நம்பி விட்டுவிட இயற்கை அவ்வளவு அசடு இல்லை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும் பங்கை நமது சரீரமே தயாரித்துக்கொள்கிறது. ஈரல்தான் அதற்குப் பெரிய தொழிற்சாலை. சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதலாக வந்தால், பெரும்பாலோருக்கு ஈரல் தன் உற்பத்தியைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறது.

இடையில் ஒரு வார்த்தை. கொலஸ்ட்ரால் பிராணிகளின் சரீரத்தில்தான் உண்டு. செடிகொடிகளில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கடலெண்ணெய் டின்மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போடுவது, “எங்க தயிரில் முள் கிடையாது!” என்று தயிர்க்காரி கூவுவதற்குச் சமானம்.

இனி அந்தத் ‘தினுசு’ சமாசாரத்துக்கு வருவோம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர், கொலஸ்ட்ராலோ கொழுப்பு. ஆகவே அது ஊர் சுற்ற வேண்டுமானால் ஒரு வண்டி வேண்டும். காசிமேட்டிலிருந்து மீன் கூடைகளை அடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போகும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். எல்.டி.எல். என்பது அப்படிப்பட்ட வண்டி. ஈரலாகிய துறைமுகத்திலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு உறுப்புகளுக்கெல்லாம் கொண்டுபோகிறது. வண்டி வேண்டியதுதான். ஆனால் தேவைக்கு மேல் வண்டிகள் வந்துவிட்டால் என்ன ஆகும்? தெருவெல்லாம் அடைசல், சரக்கு வழியெல்லாம் சிந்தும். எச்.டி.எல். என்பது சிந்தியதைப் பொறுக்கி மறுபடி துறைமுகத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் வண்டி. ‘கெட்ட கொலஸ்ட்ரால்’, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று நாம் சொல்வது சரக்கை அல்ல, வண்டியைத்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: டிரைகிளிசரைடு. இது கொலஸ்ட்ரால் அல்ல, வேறு கொழுப்பு. நாம் செலவழிக்காமல் மிச்சம் வைக்கிற சோறு, சர்க்கரை, மைதா எல்லாவற்றையும் ஈரல் இந்த உருவத்தில் மாற்றிக் கட்டி அனுப்புகிறது. இது ஏறினால் சாதாரணமாக எச்.டி.எல். இறங்கும். அதோடு எல்.டி.எல். துகள்களும் சிறுத்துக் கெட்டிப்பட்டு, சந்து பொந்தெல்லாம் நுழையும்படி ஆகிவிடும். இந்த மூன்றாவது ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் ஊர்க் கதையில் இவருக்குப் பெரிய பாத்திரம் இருக்கிறது.

சிந்திய சரக்கு எங்கே போகிறது? சமையலறைத் தொட்டிக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைப்பதுபோல ரத்தக் குழாயில் கொழுப்பு படிகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது அவ்வளவு பொருத்தமில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது. உப்புக் காற்று பட்டுப் பட்டு, சுவர்ப் பூச்சுக்கு உள்ளே உப்பு ஏறும். வெளியே சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். உள்ளே பூச்சு மெல்ல உப்பிக்கொண்டு வரும். ஒரு நாள், யாரும் கை வைக்காமலே, பொத்தென்று ஒரு பத்தை விழும்.

ரத்தக் குழாயிலும் நடப்பது சுவருக்கு உள்ளேதான். குழாயின் உட்புறத்தில் மெல்லிய தோல்போல ஒரு வரிசை உயிரணுக்கள் உண்டு. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகையிலை இவை மூன்றும் அந்தத் தோலைத் தளர்த்தும் உப்புக் காற்று. எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகளிலிருந்து வரும் நுண்தூசியும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். தளர்ந்த இடத்தில் எல்.டி.எல். நுழைந்து தங்கிக் கெட்டுப்போகிறது. அதைத் தின்று தீர்க்க வெள்ளை அணுக்கள் வருகின்றன. தின்று தின்று நுரைபோல உப்பி அங்கேயே கிடக்கின்றன. அவற்றின்மேல் நார் படர்கிறது; சுண்ணாம்பும் சேர்கிறது. சுவர் தடித்துவிட்டது! இது ஒரு மாதத்து வேலையல்ல. இளவயதிலேயே ஆரம்பித்து, இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் நடக்கும் வேலை. வலி கிடையாது, அறிகுறி கிடையாது. பிறகு ஒரு நாள் அந்த மேட்டின் மெல்லிய தோல் கிழிகிறது. ‘காயம் பட்டுவிட்டது’ என்று ரத்தம் எண்ணிக்கொண்டு அங்கே உறைகிறது. அந்த உறைகட்டிதான் வழியை அடைக்கிறது. “நேற்று சாயங்காலம்கூட மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தாரே!” என்று நாம் அங்கலாய்ப்பது இதனால்தான்.

இந்தத் தடிப்பு சென்னையில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னைவாசிகளின் கழுத்து ரத்தக் குழாய்ச் சுவரை ஒலி அலைக் கருவியால் அளந்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நீரிழிவு இல்லாதவர்களுக்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர்; நீரிழிவுக்காரர்களுக்கு 0.95. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். உயிர் ஊசலாடுவது அந்த அற்பத்தில்தான்.

சரி, இறாலின் மேல் பழி எப்படி வந்தது? அதற்கு முயல்தான் பொறுப்பு. 1913-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிகோலாய் அனிச்கோவ் என்ற இளம் விஞ்ஞானி, முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார். முயல்களின் ரத்தக் குழாய்கள் மனிதருடையவை மாதிரியே தடித்துவிட்டன. மகத்தான கண்டுபிடிப்புதான், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறினால் சுவர் தடிக்கும் என்ற உண்மை அன்று பிறந்தது. ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. ஆயுளில் கொலஸ்ட்ராலையே கண்டறியாத ஜீவன் அதைச் சமாளிக்க முடியாமல் தவித்ததில் ஆச்சரியம் இல்லை. மனிதன் முயல் அல்லவே!

1996-இல் நியூயார்க் ராக்கபெல்லர் சர்வகலாசாலையில் மனிதர்களையே வைத்துச் சோதித்தார்கள், அதுவும் நம் இறாலைக் கொண்டே. கொழுப்புச் சேர்க்காமல் ஆவியில் வேகவைத்த இறால், நாளொன்றுக்கு 300 கிராம். அதில் மட்டும் கொலஸ்ட்ரால் 590 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட மூன்று முட்டைக்கு ஈடு. இவ்வளவு தின்றதில் கெட்டது 100-க்கு 7 பங்கு ஏறியது. ஆனால் நல்லது 100-க்கு 12 பங்கு ஏறியது. டிரைகிளிசரைடு 13 பங்கு இறங்கியது! காரணம், இறாலில் கொலஸ்ட்ரால் நிறைய, ஆனால் எல்.டி.எல்.லை உயர்த்துவதில் கெட்டிக்காரனான உறைகொழுப்பு மிகச் சொற்பம். அமெரிக்க அரசாங்கத்தின் ஆகார ஆலோசனையில் வெகு காலமாக இருந்துவந்த ‘நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது’ என்ற வரம்பும் 2015–2020 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது.

இதைப் படித்துவிட்டு இன்றே இரண்டு கிலோ இறால் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். எல்.டி.எல். ஏறியது ஏறியதுதான். நீரிழிவுக்காரர்களும், பரம்பரையிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலும் அந்த நியூயார்க்காரர்கள் தின்றது ஆவியில் வெந்த இறால். கடலை மாவில் புரட்டிக் கொதிக்கிற எண்ணெயில் பொரித்த இறால் அல்ல.

இப்போது நம்முடைய சொந்தக் கதை. காசிமேட்டிலிருந்து சில மைல் தூரத்தில் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. 1975-இல் அங்கேதான் டாக்டர் கே.எம். செரியன், இருதயத்தின் அடைபட்ட ரத்தக் குழாய்க்கு மாற்றுப் பாதை அமைக்கும் ‘பைபாஸ்’ சிகிச்சையை இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். அது ரயில்வே ஆஸ்பத்திரியாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1967-இல், எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர் பத்து லட்சத்துக்கும் அதிகமான ரயில்வே ஊழியர்களின் கணக்கை எடுத்துப் பார்த்து ஒரு திடுக்கிடும் செய்தியை எழுதினார். பஞ்சாபியர் நெய்யும் வெண்ணெயுமாகச் சாப்பிடுகிறார்கள், தென்னாட்டாரைவிடப் பல மடங்கு கொழுப்பு உண்கிறார்கள், புகைப்பதும் அதிகம். ஆனால் மாரடைப்பு நோய் தென்னாட்டு ஊழியர்களிடையே ஏழு மடங்கு அதிகம்! காரணங்களைப் பற்றி அவர் சொன்னவை வேறு கதை. ‘நாங்கள் நெய்யே சேர்ப்பதில்லை, எங்களுக்கு என்ன பயம்?’ என்று தெற்கே யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பின்னால் வந்த கணக்குகள் இதை உறுதிப்படுத்தின. 2001-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், சோதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 11 பேருக்கு இருதய ரத்தக் குழாய் நோய் இருந்தது. டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி, மாரடைப்புக்கான காரணங்களில் முதல் இடத்தில் வைத்தது எதை? மொத்தக் கொலஸ்ட்ராலை அல்ல. கெட்டதைச் சுமக்கும் துகளுக்கும் நல்லதைச் சுமக்கும் துகளுக்கும் உள்ள விகிதத்தை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்றும் அதே ஆராய்ச்சியிலிருந்து தெரியவந்தது. ஆறு வருஷம்! பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டிய சமயத்தில் தகப்பனார் ஆஸ்பத்திரியில்.

ஏன் இப்படி? தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பிரதேசங்களில் எடுத்து 2014-இல் வெளியான கணக்கு விடையைக் கையில் கொடுக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 100-க்குச் சுமார் 14 பேர்தான். டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் சுமார் 30 பேர். நல்ல எச்.டி.எல். குறைந்தவர்களோ 72 பேர்! நம் வியாதி சரக்கு மிகுதி மட்டும் அல்ல. சமநிலை கெட்ட வியாதி. தராசின் நல்ல தட்டு காலியாகக் கிடக்கிறது. அதைக் காலி செய்வது யார் என்று பார்த்தால், வயிறு, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத வாழ்க்கை, மலைபோல் குவித்த வெள்ளைச் சோறு. இந்தியர்கள் உண்ணும் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஆகவே காசிமேட்டு அம்மாளின் வீட்டில் விசாரிக்கப்பட வேண்டிய குற்றவாளி இறால் அல்ல. வஞ்சிரத்துக்கு அடியில் கொதித்த எண்ணெயும், வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் குவிந்த சோறும்தான்.

எண்ணெயைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு வேதம் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். உறைகொழுப்பு எதில் அதிகமோ அது எல்.டி.எல்.லை ஏற்றும். தேங்காயெண்ணெயில் 100-க்கு 90 பங்கு அதுதான். ரேஷன் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய 40-க்கு மேல். கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20-க்குள். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது வனஸ்பதி. நம் பாட்டிமார் ‘டால்டா’ என்று டின் டினாக வாங்கினார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. எண்ணெயைச் செயற்கையாக உறையவைக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்டதை ஏற்றி நல்லதை இறக்கும் இரட்டைத் துரோகி. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இது 100-க்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் வாணலிக்குப் பக்கத்தில் எந்த அதிகாரி வந்து நிற்பார்? நேற்று அப்பளம் பொரித்த எண்ணெய், இன்று மீன், நாளை வடை என்று சிக்கனம் பிடிப்பது ஆஸ்பத்திரிக்குச் சேமிக்கும் பணம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய்க்குள் அடங்க வேண்டும் என்பது உத்தேசக் கணக்கு. உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மீனைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் இருக்கிற மவுசு, பாவம், மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் இல்லை. ஆனால் டிரைகிளிசரைடைத் தணிக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு இந்த எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில்தான் நிரம்பக் கிடைக்கிறது. 58 நாடுகளில் 1,91,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏற்கெனவே இருதய, ரத்தக் குழாய் நோய் உள்ளவர்கள் வாரம் சுமார் 175 கிராம் மீன் சாப்பிட்டபோது ஆபத்து குறைந்து காணப்பட்டது. அதிலும் எண்ணெய்ச் சத்துள்ள மீன்களுக்குத்தான் பலன். நோய் இல்லாதவர்களிடம் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீன் மருந்தல்ல. புளி கரைத்து, மண்சட்டியில் கொதிக்கவிட்ட மத்திக் குழம்பு நல்ல ஆகாரம், அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; அப்போது கருவாட்டுப் பானை திறக்கும். ரத்தக் கொதிப்புக்காரர்கள் அதன் உப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைவ வாசகிகள் இதுவரை நிம்மதியாகப் படித்து வந்திருப்பீர்கள். உங்களுக்கும் பங்கு உண்டு. ஈரல் சைவம், அசைவம் பார்ப்பதில்லை. நாலு வேளைக் காபிச் சர்க்கரையையும் சாம்பார்ச் சாதம், ரசச் சாதம், மோர்ச் சாதம் என்ற மூன்று குவியலையும் அது டிரைகிளிசரைடாக மாற்றத் தயங்காது. பருப்பு, சுண்டல், கீரை, வெண்டைக்காய், அவரைக்காய் இவற்றைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தால் மூன்றும் ஒழுங்குக்கு வரும். சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் நடக்க, காசிமேட்டுக்கு வரத் தேவையில்லை. மொட்டை மாடி போதும்.

இனி அந்த 236. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பது, மாதச் சம்பளத்தைக் கேட்டுவிட்டுக் கடனைக் கேட்காமல் பெண் கொடுப்பது மாதிரி. சீட்டில் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். பால் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. ஒருவருக்கு 236-இல் எச்.டி.எல். 59 என்றால் மிச்சம் 177. இன்னொருவருக்கு எச்.டி.எல். 32 என்றால் மிச்சம் 204. அதே 236, ஆனால் இரண்டாமவர் அதிக ஆபத்தில் இருக்கிறார். அந்த மிச்சம் 130-க்குள் இருப்பது நல்லது. ஆகையால் முதலாமவரும் தப்பிவிடவில்லை. எல்.டி.எல். 100-க்குள், டிரைகிளிசரைடு 150-க்குள், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல் என்பது பொதுவான அளவு. மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். இதைவிட வெகுவாகத் தாழ வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள்.

நல்லதை மருந்தால் ஏற்றிவிட்டால் போயிற்று என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படி ஏற்றிய மருந்து ஒன்றின் பெரிய சோதனை 2006-இல் நடுவழியில் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். ஏறியது, ஆனால் மருந்து உண்டவர்களில் மரணம் அதிகமாக இருந்தது. சமநிலைக்கு வழி கெட்டதை இறக்குவதுதான். அதற்கான மருந்து வந்த கதை அரிசிக் கடையிலிருந்து ஆரம்பிக்கிறது என்றால் நம்புவீர்களா? ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து 1973-இல் ஒரு பொருளைப் பிரித்தார். ஈரல் கொலஸ்ட்ரால் செய்வதை அது தடுத்தது. ‘ஸ்டாட்டின்’ மாத்திரைகளின் மூதாதை அதுதான். முதல் மாத்திரை 1987-இல் கடைக்கு வந்தது. கை கால் வலிக்கிறது என்றோ, அடுத்த வீட்டு மாமி சொன்னார் என்றோ இதைத் தானாக நிறுத்திவிடுகிறவர்கள் பலர். வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். கர்ப்பிணிகளும், கருத்தரிக்க எண்ணுகிறவர்களும், பால் கொடுக்கிறவர்களும் மட்டும் அவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

“எனக்கெதுக்கு?” என்ற அந்தச் சிரிப்புக்கு இப்போது வருகிறேன். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்ணுக்கு இயற்கை ஓரளவு பாதுகாப்புக் கொடுக்கிறது. நின்றபின் எல்.டி.எல். ஏற ஆரம்பிக்கிறது. நீரிழிவு வந்துவிட்டால் முன்பிருந்த பாதுகாப்பும் பெரும்பாலும் போய்விடுகிறது. பெண்களிடையே சகஜமாக உள்ள தைராய்டுக் குறைவும் கொலஸ்ட்ராலை ஏற்றும். தைராய்டைச் சரிசெய்தால் அதுவும் இறங்கும். குங்குமம் இடக் கண்ணாடி முன் நிற்கும்போது இமையில் மஞ்சள் நிறத் திட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அழகு நிலையத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.

மாரடைப்பு வரும்போதும் பெண்களுக்கு அது சினிமாவில் பார்ப்பதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக எப்போதும் இருப்பதில்லை. நெஞ்சு வலியோடோ, அது இல்லாமலோ மூச்சு இரைப்பு, தாங்காத அசதி, தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல், குளிர் வியர்வை என்று வரலாம். “வாய்வுத் தொல்லை” என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்திரத்தையும் துலக்கி வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். அந்த மணி நேரங்கள் திரும்ப வராதவை. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மருந்துகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இவற்றோடு அந்த அரிசிப் பூஞ்சையின் வம்சத்தில் வந்த அட்டோர்வாஸ்டாட்டினும் அதில் உண்டு. வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. 108-க்குப் போன் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே துறைமுகத்தில் அந்த அம்மாளை மறுபடி பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். வீட்டுக்காரருக்கு மொத்தம் 236, எச்.டி.எல். 38, மிச்சம் 198. அதன் கீழே, பென்சிலால் வேறொரு கணக்கு. மொத்தம் 261, எச்.டி.எல். 41, மிச்சம் 220.

“இது யாருடையது?” என்றேன்.

“என்னோடதுதான்” என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. “அவருக்குத் துணையா போனேன். சும்மா எனக்கும் எடுத்துக்கலாமேன்னு எடுத்தேன். தைராய்டும் பார்க்கச் சொல்லியிருக்காங்க. நாளைக்குப் போகணும்.”

பையில் மத்தி இருந்தது. குழம்புக்குத்தான் என்றார். இறால்காரி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்:

“தாயி! இன்னிக்கும் இறாலு வேணாவா?”

அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தார்.

“கால் கிலோ போடு. முருங்கைக்காயோட போட்டு வைக்கறேன்; வறுக்கப் போறதில்லே.” பிறகு, கூடையருகே குனிந்தபடியே கேட்டார்: “ஆமாம், உனக்கு எவ்வளவு இருக்குன்னு என்னைக்காவது பார்த்திருக்கியா?”